ரோனாவின் மூக்கு

அடுப்புக் கதவைத் திறந்து, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, கையை உள்ளே நீட்டி ரோனா எண்ணுகிறாள். பன்னிரண்டு வரை தாங்கினால் ரொட்டிக்குச் சூடு சரி. எட்டிலேயே கை வெளியே வந்துவிட்டால் ஸ்கோன் என்கிற குட்டி பன் சுடலாம். ரொட்டி காத்திருக்க வேண்டியதுதான். விறகடுப்பின் கதவில் சூடு காட்டும் முள் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது பத்தொன்பது வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறது. ரோனா அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ரொட்டியை வைக்கத்தான் கை. எடுக்கும் நேரத்தைச் சொல்வது மூக்கு. ஜூனில் குளிரும் ஜனவரியில் வெயிலும் அடிக்கிற பூமியின் தென்கோடியில், ஹுவான் ஆற்றுக்கு மேலே, ஆப்பிள் தோப்புகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அவள் வீடு. கோழிக்கூட்டுக்கு அப்பால் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருப்பவள் திடீரென்று முள்கொத்தைப் போட்டுவிட்டு நிமிர்வாள். "வெந்துருச்சு" என்று சொல்லிவிட்டு நடப்பாள். ஓடவும் மாட்டாள். அவள் போய்ச் சேரும்போது ரொட்டி சரியாகச் சிவந்திருக்கும்.

சரக்கறையில் நூற்றுக்கு மேல் ஜாடிகள். ஒன்றிலும் பெயர் கிடையாது. சாய்வான கையெழுத்தில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுகிற பக்கத்துத் தோட்டத்து ஐவிக்கு இதைப் பார்த்தால் தலை சுற்றும்.

"எழுதி ஒட்டேண்டி. எது காடி, எது ஆப்பிள் சாறுன்னு நாளைக்கு உனக்கே தெரியாமப் போகப் போகுது."

"மூக்கு இருக்கையில கண்ணுக்கு எதுக்குடி வேலை?" என்பாள் ரோனா. கொஞ்சம் திமிர்தான். ஆனால் ஐவிக்கு அதைச் சொல்லிக்காட்ட வாயில்லை. அக்டோபர் கடைசியில் ஹோபர்ட் நகரத்து விவசாயக் கண்காட்சி நாள் வந்த பிறகே தக்காளி நாற்றை மண்ணில் வைப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். ஐவி மட்டும் அவசரக்காரி. வருடா வருடம் ஒரு வாரம் முன்னால் நட்டு, உறைபனியில் அத்தனையும் கருகி, ரோனாவிடம் நாற்றுக்குக் கையேந்தி நிற்பவள் அவள்தான்.

சென்ற வருடம் ஜூலையில் ரோனாவுக்கு ஒரு ஜலதோஷம் வந்தது. பத்து நாளில் அது போனது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "வரலாம், வராமலும் இருக்கலாம்" என்றார் மருத்துவர். அறுபத்தொரு வயதில் அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஐவியிடமா? கணவன் மெர்விடம்கூட அவள் சொல்லவில்லை. சமையலறையில் தனக்கு இருக்கிற மரியாதையெல்லாம் அந்த ஒரு மூக்கில் நிற்கிறது என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. அது போனது தெரிந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

வாசனை போனது போகட்டும். அதன் நினைவு போகவில்லையே, அதுதான் கொடுமை. கண்காட்சி நாளில் நாற்றை நட்டு முடித்ததும் விரலைப் பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். கல்யாணமான முதல் வருடம், இதே பாத்தியில், தக்காளி இலை வாசத்தோடு மெர்வின் கன்னத்தைத் தொட்டதும் அவன் தும்மியதும் நினைவுக்கு வந்தன. விரலில் வெறும் பச்சைக் கறை. ஜனவரியில் ராஸ்பெரி கொதித்தபோது சமையலறை முழுக்க ஆவி. அதுவும் வெறும் ஆவி. ஏப்ரலில் குவின்ஸ் பழங்களை, அவள் அம்மா வைத்ததுபோல, துணி அலமாரியில் வைத்தாள். முன்பெல்லாம் அதைத் திறந்தால் இலையுதிர்காலமே முகத்தில் வந்து மோதும். இப்போது திறந்தால் துணி இருந்தது. எல்லாவற்றையும்விட, மெர்வின் சட்டைக் காலரைத் துவைக்கும் முன் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பது அவளுடைய வழக்கம். ஆப்பிள் பெட்டி மரமும் டீசலும் அவனுடைய கழுத்துமாக ஒரு வாசம். முப்பத்தெட்டு வருடம் கூட இருந்த அதை இழந்தபோதுதான் அவள் அழுதாள்.

மெர்வோ இந்த ஒரு வருடமாக இன்னொரு தொல்லை. வாய் திறந்து பேசாத மனிதன், அது பழகிவிட்டது. ஆனால் செவ்வாயும் சனியும், அவள் ரொட்டி சுடுகிற நாளாகப் பார்த்து, அவனுக்குச் சமையலறைப் பக்கம்தான் வேலை முளைத்தது. ஜன்னலுக்கு அடியில் முக்காலி போட்டுக் கத்தி தீட்டுவான். ஒரு நாள் கதவிடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னய்யா பண்றே?"

"கீல் ஆடுது."

"உள்ள வா, இல்ல வெளிய போ. வீட்டுச் சூட்டையெல்லாம் தோட்டத்துக்கா கொடுக்கணும்?"

கதவையோ ஜன்னலையோ திறந்து வைத்தால் ரோனாவுக்குப் பொறுக்காது. தன் கையால் பிளந்த விறகு அல்லவா? மெர்வ் வெளியே போவான். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டி, "ரோன், தண்ணி" என்பான். அவள் முனகிக்கொண்டே எழுந்து தண்ணீர் கொடுப்பாள். எழுந்ததுதான் எழுந்தோம் என்று அடுப்பையும் திறந்து பார்ப்பாள். ரொட்டி சரியாகச் சிவந்திருக்கும்.

ஏப்ரல் கடைசியில் ஆப்பிள் பறிப்பு முடிந்து ஊர் மன்றத்தில் மதிய விருந்து நடக்கும். ஆளுக்கொரு தட்டு கொண்டுவர வேண்டும். ரோனாவின் தட்டு என்றால் ஆப்பிள் பை, மாவு மூடிக்குள் ஆப்பிளை வைத்துச் சுடுகிற பலகாரம். அதுதான் முதலில் காலியாகும். அன்று காலை சரக்கறைத் தட்டிலிருந்து கொழுப்புக் கிண்ணத்தை எடுத்து, மாவில் பிசைந்து, மேல்மூடிக்கு இலை வடிவம் வெட்டி, தங்க நிறத்தில் சுட்டு எடுத்தாள். பார்க்க அழகாக இருந்தது.

மன்றத்தில் முதல் துண்டை மெர்வ் எடுத்தான். வாயில் வைத்தான். ஒரு கணம் நின்றான். பிறகு பாத்திரத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தலை நிமிராமல், கரண்டி கரண்டியாகத் தின்னத் தொடங்கினான்.

"எங்களுக்கும் கொஞ்சம் வைய்யா!" என்று கத்தினாள் ஐவி. "ஏண்டி ரோனா, வீட்டுல இந்த மனுசனுக்குச் சாப்பாடே போடுறதில்லியா?"

மன்றமே சிரித்தது. அவன் நிறுத்தவில்லை. எட்டுப் பேருக்கான பையைத் தனியாளாக முடித்தான். ரோனாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திரும்பும் வழியெல்லாம் வண்டியில் பொரிந்து தள்ளினாள்.

"நாலு பேர் முன்னாடி இப்படியா? காணாததைக் கண்ட மாதிரி!"

"நல்லா இருந்துச்சு" என்றான் அவன். முகம் வெளிறியிருந்தது.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தைக் கழுவ வைத்தாள். பூனை டிப்ஸி மேசைமேல் தாவியது. ஆப்பிள் பையை ஏறெடுத்தும் பார்க்காத பூனை அது. இன்று கண்ணை மூடிக்கொண்டு, பாத்திரத்தின் விளிம்பெல்லாம் நக்கித் துடைத்தது.

சரக்கறைத் தட்டில் கொழுப்புக் கிண்ணங்கள் இரண்டு என்பது ரோனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு சரக்கறைக்குப் போய் இரண்டு கிண்ணங்களையும் கொண்டுவந்து தரையில் வைத்தாள். இரண்டும் நீல விளிம்பு. இரண்டிலும் வெள்ளை வெளேரென்று உறைந்த கொழுப்பு. ஒன்று பைக்கு உருக்கிய பன்றிக் கொழுப்பு. மற்றது, மெர்வ் பிடித்து வரும் மீனைப் பொரித்துவிட்டு வடிகட்டி வைப்பது. காலையில் அவள் விரலால் வழித்தெடுத்த பள்ளம் ஒரு கிண்ணத்தில் அப்படியே இருந்தது. டிப்ஸி நேராக அந்தக் கிண்ணத்துக்குத்தான் போனது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மீன் வாடை அடிக்கும் ஆப்பிள் பை. எட்டுப் பேர் பங்கு. பின்பக்கம் மெர்வ் சோடா உப்பைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவமானம் ஒரு பக்கம், அவன்மேல் பொங்கி வந்த பாசம் ஒரு பக்கம். எதற்கு அழுவது என்றே தெரியவில்லை. இனிமேல் தட்டு கொண்டுவர முடியாது என்று ஐவிக்குத் தொலைபேசியில் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. கொழுப்புக் கிண்ணங்களை மேல்தட்டுக்கு ஏற்றினாள்.

ஏழு வாரம் அடுப்பில் ரொட்டி ஏறவில்லை. கடை ரொட்டிதான். மெர்வ் நடுப்பகுதியைத் தின்றுவிட்டு, ஓரத்தைக் கோழிகளுக்குப் போட்டான். அவன் இப்போது சமையலறைப் பக்கம் வருவதில்லை. முக்காலி ஜன்னலடியிலேயே கவிழ்ந்து கிடந்தது. கத்திகள் மழுங்கின. கீல் ஆடவே இல்லை. ஒரு நாள் ஆடுகிறதா என்று அவளே கதவை அசைத்துப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது. அப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். மூக்கு போன பிறகு, இத்தனை மாதத்தில், அவள் சுட்டதில் ஒரு ரொட்டிகூடக் கருகியதில்லை.

ஜூனில் வருடத்தின் மிகக் குட்டையான பகல். அன்றுதான் பூண்டு ஊன்ற வேண்டும். காலையில் தோட்டமெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. மெர்வ் தொலைவில், வாயில் புகையாக மூச்சு விட்டுக்கொண்டு, வரப்புக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ரோனா சட்டைக் கையைச் சுருட்டி, அடுப்புக்குள் கையை நீட்டி எண்ணினாள். பன்னிரண்டு. இரண்டு ரொட்டிகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

புகைபோக்கியைப் பார்த்தானோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் வெளியே முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சாணைக்கல்லில் கத்தி உரசத் தொடங்கியது.

ரோனா கம்பளிச் சால்வையை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். பிறகு போய், மே மாதத்திலேயே இறுகச் சாத்திய அந்த ஜன்னலைத் தோளால் முட்டி, அகலத் திறந்து வைத்தாள்.