வெந்நீர் கேட்டதால் போன அறை

பிரான்ஸ், ஜெர்மனி என்று அலைந்து லண்டன் வந்தவன் நான். அங்கே மனோர் பார்க் பகுதியில் ஒரு வீட்டில் ஏழு பேர் வாடகைக்கு இருந்தோம். மார்கழிக் குளிரில் பொயிலர் பழுதாகி, வெந்நீரும் ஹீட்டிங்கும் நின்றுபோயின. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஊரில கிணத்துத் தண்ணியிலதானே குளிச்சனீர்?" என்று சிரித்தார்.

உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கு அறிவிக்கப் போகிறேன் என்றதும் அறைத்தோழன் ரவி தடுத்தான். "வேண்டாம் அண்ணை. குளிரைத் தாங்கலாம், றோட்டில படுக்க ஏலாது."

நான் கேட்கவில்லை. வந்த அதிகாரி பொயிலரைவிடக் கட்டில்களைத்தான் கவனமாக எண்ணிப் பார்த்தார். அவர் போனதும், "ஆக்கள் கூடிப்போச்சாம்" என்று வீட்டுக்காரர் எல்லோரையும் வெளியேற்றினார். ரவி பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனான்.

இப்போது எந்த அறைக்குப் போனாலும் முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்க்கிறேன். சுடாவிட்டால் தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கேத்தில் வாங்கிக்கொள்கிறேன், யாரிடமும் முறையிடுவதில்லை.