ஜெர்மன் கண்ணாடிக்குத் திருநீறு

இத்தாலியில், பலெர்மோவில் நானும் மனைவியும் வேலை பார்த்த வீட்டு முதலாளி சிஞ்ஞோரேக்கு வேட்டைப் பைத்தியம். துவக்கில் பூட்டிக் குறிபார்க்க ஜெர்மன் தொலைநோக்குக் கண்ணாடி ஒன்று வாங்கியிருந்தார். விலையைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய மைத்துனரோ ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் பேரம் பேசி எடுத்த மலிவுக் கண்ணாடியைத் தூக்கிக் காட்டி, "இரண்டிலும் பன்றி பன்றியாகத்தான் தெரியும்" என்று சீண்டுவார்.

ஒரு பின்னேரம் மொட்டைமாடியில் என்னை நடுவராக்கினார்கள். இரண்டு கண்ணாடியாலும் தூரத்துச் சியாகுல்லித் தோட்டங்களைப் பார்த்தேன். வெளிச்சம் இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். பொழுதுபட்டதும் மலிவில் மரமெல்லாம் ஒரே கறுப்பு, ஜெர்மன்காரனில் இலை இலையாகத் தெரிந்தது. மழைக்கும் பனிக்கும் இது மங்கவே மங்காது என்று சிஞ்ஞோரே மார்தட்டினார். "இரண்டும் நல்லது" என்றேன். நாங்கள் இருந்த அறை அவருடையது, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்குக் கையெழுத்து வைப்பவரும் அவர்தான். மைத்துனரோ வீட்டுக்காரியின் தம்பி. வேறென்ன சொல்ல?

அடுத்த ஞாயிறு விடிய முன்னமே வேட்டைக்குப் போனார்கள். மைத்துனர் காட்டுப்பன்றியோடு வந்தார். சிஞ்ஞோரே வெறுங்கை. முன்னால் நின்ற பன்றி புகைக்குள் நின்றமாதிரித் தெரிந்ததாம். ஆனைக்கொரு காலமென்றால் பூனைக்கும் ஒரு காலம் வரும்தானே. எனக்குள் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

துடைக்கவென்று குசினிக்குக் கொண்டுவந்து ஜெர்மன் கண்ணாடியின் மூடியைத் திறந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. முன்வில்லை முழுக்க மூன்று குறி திருநீறு, மேலே சந்தனம், நடுவில் குங்குமம்.

"என்னப்பா செய்தனீர்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நேற்று ஆயுத பூசையெல்லே? அயன்பொக்ஸ், கத்தி எல்லாத்துக்கும் வைச்சனான். மேசையிலை கிடந்த இதை மட்டும் ஏன் விடுவான்? அழிஞ்சு போகாமல் மூடியும் போட்டனான்."

"மைத்துனரின்ரை கண்ணாடிக்கு?"

"அது இஞ்சை இருக்கேல்லையே."

திரும்பினால் சிஞ்ஞோரே நிற்கிறார். விரலால் தொட்டு மணந்து பார்த்தார். வேலை செய்கிற பொருளுக்கு எங்கள் ஆசீர்வாதம் இது என்று மனைவி தன் உடைந்த இத்தாலியனில் விளக்கினாள். அறையும் போச்சு, கையெழுத்தும் போச்சு என்றே நினைத்தேன். கூடத்தில் மைத்துனர் பன்றிக் கதையை மறுபடி தொடங்கியிருந்தார்.

சிஞ்ஞோரே கூடத்துப் பக்கம் போனார். திரும்பி வந்தவர் கோட்டுக்குள்ளிருந்து மைத்துனரின் கண்ணாடியை எடுத்து மனைவிக்கு முன்னால் வைத்தார்.

"இதுவும் பாவம், ஆசீர்வாதம் இல்லாமல் கிடக்கிறது. கொஞ்சம் தடிப்பாகப் பூசுங்கள்."

"பூசை முடிஞ்சுதே" என்று என்னிடம் முணுமுணுத்தபடியே மனைவி திருநீற்றைக் குழைத்தாள்.