கூப்பிடக் கூடாத எண்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. நான்காக மடித்து வைத்திருந்த கோடுகள் வெளுத்துப் போயிருக்கின்றன. பெயர், வயது, கணவர் பெயர் எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. தொலைபேசி எண் எழுதும் கட்டத்தில் மட்டும் எழுத்து இல்லை. பேனா முனை பட்டுப் பட்டுக் கிழிந்த ஒரு ஓட்டை இருக்கிறது. அதைப் போட்டதும் நான்தான்.

தொம்மலூரில் பழைய ஊர்ப் பகுதியின் சந்து ஒன்றில், வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில், பெண்களுக்கான சின்ன தர்ம கிளினிக் நடக்கிறது. அதன் பதிவு ஜன்னலில் உட்காருவது அப்போது என் வேலை. தமிழ், கன்னடம், தக்கனி உருது எதில் பேசினாலும் பதில் சொல்வேன். மறுபடி வரவேண்டிய நாளில் யாராவது வராவிட்டால் அன்று மத்தியானமே ஃபோன் செய்துவிடுவேன். எங்கள் கிளினிக்கில் பாதியில் வைத்தியத்தை விடுபவர்கள் குறைவு என்றால் அதற்கு என் ஃபோன்தான் காரணம் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. வீட்டிலும் நான் அப்படித்தான். ஈஜிபுராவிலிருந்து வேலைக்குப் போகும் என் மகள் பஸ் ஏறினாளா, இறங்கினாளா, சாப்பிட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "மீட்டிங்னு சொல்லிட்டுத்தானேப்பா போனேன், அதுக்குள்ள பதினோரு மிஸ்டு காலா? பக்கத்து சீட்டுப் பொண்ணு, உங்கப்பா போலீஸான்னு கேக்கறா" என்பாள். கூப்பிடுவது அக்கறை என்று நான் நம்பியிருந்தேன். ஃபோன் அடித்தால் அதனால் ஒருவருக்குக் கெடுதல் வரும் என்று தோன்றியதே இல்லை.

அந்த மஞ்சள் அட்டைக்காரப் பெண்ணுக்கு என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். சந்தாபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அங்கேயே ஆஸ்பத்திரிகள் இருக்க ஏன் இவ்வளவு தூரம் என்று நான் யோசிக்கவில்லை. ஆதார் கேட்டேன். அவள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அடையாள அட்டையை எடுத்து, யாரும் பார்க்காதபடி உள்ளங்கையால் மூடி, ஜன்னல் வழியே தள்ளினாள். தமிழ்நாட்டில் இருக்கும் இலங்கை அகதி முகாமின் அட்டை. முகாமிலேயே பிறந்தவள், கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்க வந்த கணவனோடு இங்கே வந்து, கார்மென்ட்ஸில் தைக்கிறாள். இதற்கு முன் போன இரண்டு இடங்களில், ஒன்றில் ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்னொன்றில் போலீஸுக்குச் சொல்லவேண்டி வரும் என்றதும் அவளே எழுந்து வந்துவிட்டாள். முகாமை விட்டு வெளியே தங்கியிருப்பது பற்றிக் கேள்வி வந்தால் முகாமில் இருக்கும் அம்மாவின் பதிவுக்கும் ஆபத்து என்று பயம். அந்த அலைச்சலும் பயமும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன.

எங்களுக்கு அந்த அட்டை போதும் என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அடுத்து ஃபோன் நம்பர் கேட்டேன். தனக்கு ஃபோன் இல்லை என்றாள். "நம்பர் இல்லாம கார்டு போட முடியாதும்மா, வீட்ல யாரோடதாவது சொல்லு" என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. கட்டம் காலியாக இருந்தால் எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் குனிந்து ஒரு எண்ணைச் சொன்னாள். நான் எழுதி முடித்ததும், "கூப்பிட மாட்டீங்கள்தானே அண்ணா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். "நீ ஒழுங்கா வந்துட்டா நான் ஏம்மா கூப்பிடப் போறேன்" என்றேன்.

அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் அதுதான். எத்தனையோ முறை அதை மனதில் மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து வரவேண்டியவள் வரவில்லை. பரிசோதனை ரிப்போர்ட் வந்திருந்தது. பதிவேட்டில் குறித்திருந்த நம்பரைப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஃபோன் செய்தேன். ஒரு ஆண் குரல் எடுத்தது. பின்னால் இரும்பு டப்பா உருளும் சத்தம், யாரோ மேலேயிருந்து கன்னடத்தில் ஏணியை நகர்த்தச் சொல்லும் சத்தம். கிளினிக்கின் பெயரைச் சொன்னேன். அவள் பெயரைச் சொல்லி, ரிப்போர்ட் வந்திருக்கிறது, டாக்டர் வரச் சொன்னார் என்றேன். பிறகு அந்த ஆள், "என்ன ரிப்போர்ட் சார்?" என்று மிக மரியாதையாகக் கேட்டான். அதை டாக்டர்தான் சொல்வார் என்று கண்டிப்பாகச் சொன்னேன். ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு. "சரி சார். நான் கேட்டுக்கறேன் சார்" என்று வைத்துவிட்டான்.

டாக்டரம்மாவிடம் போய், கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார். "யார் எடுத்தது?" என்றார். சொன்னேன். அவர் திட்டவில்லை. "அவ வீட்டுக்குத் தெரியாம வந்தவ. அந்த வீட்டுக்குப் பயந்துதான் வந்தவ" என்றார். மறுபடி கூப்பிட்டு, தவறான நம்பர் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம். இனி நாம கூப்பிடற ஒவ்வொரு தடவையும் அடி அவளுக்குத்தான் விழும்."

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நான் என் வாழ்நாளில் பயந்ததில்லை. பேப்பரில் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தைப் பிரிக்கக் கை வராது, பிரிக்காமலும் இருக்க முடியாது. சந்தாபுரா என்ற பெயர் வந்தால் வரி வரியாக வாசிப்பேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பொறுக்க முடியாமல் பஸ் ஏறிச் சந்தாபுரா போய், பதிவின்போது அவள் சொன்ன கார்மென்ட்ஸ் வாசலுக்கு எதிரே நின்றேன். ஷிப்ட் விட்டதும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு பெண் என் பார்வையைக் கவனித்துத் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு தோழியின் மறுபக்கம் போனாள். காவலாளி வந்து யாரைத் தேடுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். அவள் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் திங்கட்கிழமைக்குள், யாரோ ஒரு ஆள் உன்னைத் தேடி வந்தான் என்று அந்தத் தெரு முழுக்கப் பேசும். சும்மாதான் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்று மகள் ஃபோனை எடுக்க நேரமானபோது, முதல் முறையாக நான் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை.

மூன்றாவது வாரம் அவளே வந்தாள். இடது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. ஜன்னலில் நின்று, ரவிக்கைக்குள்ளிருந்து நான்காக மடித்த அட்டையை எடுத்து ஒற்றைக் கையால் பிரித்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை.

"ஃபோன் நம்பரை வெட்டி விடுங்கோ அண்ணா" என்றாள்.

பேனாவால் ஒரு கோடு போட்டேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் வடிவா வெட்டுங்கோ. வாசிக்கக்கூடியதாக் கிடக்கு."

அட்டை கிழியும் வரை வெட்டினேன், பதிவேட்டில் இருந்ததையும் அழித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அட்டையைத் தான் கொண்டுபோக முடியாது, இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவளிடம் கேட்டுக்கொண்டு, என் வேலைக்குத் தேவையானதை மட்டும் டாக்டரம்மா எனக்குச் சொன்னார். வியாதி கணவனிடமிருந்து வந்தது. வேண்டாம் என்று சொன்ன நாட்களில்தான் அடி. கிளினிக்கின் பெயரைக் கேட்டதும், யாரிடம் போய் என்னைப் பற்றிச் சொன்னாய் என்று கையை முறுக்கியிருக்கிறான். சிகிச்சைக்காகப் போலீஸில் புகார் கொடுத்தாக வேண்டியதில்லை, கொடுப்பதும் கொடுக்காததும் அவள் முடிவு, கொடுப்பதானால் கூட வருகிறோம் என்று டாக்டரம்மா சொன்னாராம். இதையே போலீஸ் என்று சொன்ன அந்த ஆஸ்பத்திரியில் யாராவது சொல்லியிருந்தால் என்று அவள் அழுதாளாம். மாத்திரைகளைப் பேர் ஒட்டாத உறையில் மாற்றிக் கொடுத்தோம். கிளினிக் எண்ணை எங்கும் எழுதாமல் மனப்பாடம் செய்யச் சொன்னார் டாக்டரம்மா. கிளம்பும்போது அவள் என் ஜன்னலில் நின்று அதை ஒருமுறை பிழையில்லாமல் ஒப்பித்துவிட்டுப் போனாள்.

இப்போது பதிவு ஜன்னல் இல்லை. உள் அறையில், கதவைச் சாத்திவிட்டு, எங்களோடு வேலை செய்யும் ஒரு பெண் கேட்டு எழுதுகிறார். நான் வெளியே ஃபோனோடு இருக்கிறேன். நம்பர் சொல்ல விருப்பமா, யார் எடுப்பார்கள், எந்த நேரத்தில் கூப்பிடலாம், என்ன பேரில் பேசலாம் என்ற கேள்விகளை அட்டையில் சேர்க்கச் சொன்னது நான். கட்டம் காலியாக இருந்தால் காலியாகவே விடுகிறோம். இதற்காக என்னைப் பாராட்டினார்கள். தொட்டிலில் தொங்கிய அவள் கையை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அவள் இன்னும் இரண்டு முறை வந்தாள். முகாமில் இருக்கும் அம்மாவிடம் போவதைப் பற்றி எங்கள் கிளினிக்கில் ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் பேசினாளாம். அதற்குப் பிறகு வரவில்லை. போய்ச் சேர்ந்தாளா என்று எங்களுக்குத் தெரியாது.

போன வாரம் காலையில் கிளினிக் ஃபோன் அடித்தது. இப்போதெல்லாம் நான் கிளினிக் பெயரைச் சொல்வதில்லை, ஹலோ மட்டும்தான். பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது, தூரத்தில் ஒரு பஸ் ஹாரன். "சொல்லும்மா, இருக்கேன்" என்றேன். வைத்துவிட்டார்கள். திரையில் ஒரு எண் நின்றது. பழக்கப்பட்ட விரல் தானாக அதன் மேல் போனது. யார் கையில் இருக்கிறதோ அந்த ஃபோன். விரலை எடுத்து, இழுப்பறையைத் திறந்து, மஞ்சள் அட்டையை வெளியே எடுத்து வைத்தேன். கிழிந்த ஓட்டையின் வழியே மேசையின் மரம் தெரிந்தது. கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். ஃபோன் மறுபடி அடிக்கும் என்று இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.