சுங்காயிலிருந்து புந்தோங்குக்கு, ஒரு காந்தத்துக்காக

ஈப்போவில் காந்தம் வைத்து முதுகுவலியை எடுக்கிறார்களாமே, சுங்காயிலிருந்து எப்படிப் போவது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அவர் மனைவிக்கு முதுகுவலியாம். இப்போதென்ன, காரில் ஒன்றே கால் மணி நேரம். நான் போனபோது பதினோரு மணி நேரம் ஆயிற்று. எனக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. நான் சொல்ல, மகள் கணினியில் தட்டுகிறாள்.

அது மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம், இரண்டாவது வருஷம். எங்களுக்குப் பிறந்த முதல் பிள்ளை அன்றைக்கே போய்விட்டது. என் மனைவி அஞ்சலை, இடுப்பு வலிக்கிறது என்று சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான், நாற்பது நாளாகியும் எழவில்லை. பேச்சும் இல்லை. நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தும் கிடையாது, ஆளும் கிடையாது. ஈப்போ பக்கம் புந்தோங்கில் ஒருவர் காந்தத்தால் வலியை இழுத்துவிடுகிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். நம்பிக்கையா? அதெல்லாம் யார் பார்த்தது! இவளும் போய்விடுவாளோ என்ற பயம்தான் எனக்கு.

விடிகாலை ஐந்து மணிக்குச் சைக்கிளில் கிளம்பினேன். ஐம்பத்து மூன்று மைல். டயர் எங்கே கிடைக்கும்? தோட்டத்து ரப்பரைச் சக்கரத்தில் கயிறு போட்டுச் சுற்றியிருந்தேன். தாப்பாவில் காவல் நின்ற ஜப்பான்காரனுக்குக் குனிந்து வணங்கினேன். குனிந்தது போதவில்லையாம். ஓர் அறை விட்டு, அரை மணி நேரம் வெயிலில் நிற்கவைத்தான். போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவானோ என்று தலையைத் தூக்கவே இல்லை. கம்பார் தாண்டியதும் சக்கரத்துக் கயிறு அறுந்தது. கோப்பெங் வரை தள்ளிக்கொண்டே நடந்தேன்.

புந்தோங் சேர்ந்தபோது மாலை நான்கு. வைத்தியர் என்று போய்ப் பார்த்தால் லாரி மெக்கானிக்! பழைய கார் எஞ்சினிலிருந்து கழற்றிய லாடக் காந்தம்தான் மருந்து. ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு வேண்டாம் என்றுவிட்டார். கூலி, நான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போயிருந்த பதினைந்து மரவள்ளிக்கிழங்கு. காந்தத்தை என்னிடம் கொடுத்து, “மேலேருந்து கீழ நேரா இழுக்கணும் தம்பி. கோணலா இழுத்தா வலி போவாதுலா” என்றார். அவர் பட்டறையிலேயே படுத்துவிட்டு, மறுநாள் மாலை ஐந்தரைக்கு வீடு வந்து சேர்ந்தேன்.

அஞ்சலை திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, காந்தத்தை முதுகில் வைத்து இழுக்க ஆரம்பித்தேன். நேராகத்தான் இழுப்பதாக நினைப்பு. ஆனால் ஆறு வருஷம் ரப்பர் மரம் வெட்டிய, அதாவது பாலுக்குப் பட்டையைச் சீவிய கை அது. இடது மேலிருந்து வலது கீழே, சரிவாகவே போயிருக்கிறது. போதாததற்கு ஒவ்வொரு இழுப்புக்கும் உட்கார்ந்தபடியே கொஞ்சம் பின்னால் நகர்ந்திருக்கிறேன், மரத்தைச் சுற்றி வருகிற மாதிரி.

“என்னாங்க, மரம் வெட்டுறீங்களா?” என்றாள் சுவரைப் பார்த்தபடி. “மங்க எங்க மாட்டப் போறீங்க?” மங்கு என்றால் மரத்தில் மாட்டி ரப்பர் பால் பிடிக்கிற கிண்ணம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தோளும் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இந்தப் பக்கம் திரும்பினாள், முகமெல்லாம் கண்ணீர். “புள்ளைக்கு உங்க மூக்குங்க” என்றாள். “நீங்க பாக்கவே இல்ல.”

பிரசவம் நடக்கும்போது ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். புதைக்கக் கொண்டுபோகும்போதும் முகத்தை மூடித் துணி சுற்றித்தான் என் கையில் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் என் பிள்ளை எப்படியிருந்தது என்று முழுக்கச் சொன்னாள். நானும் வாய்விட்டு அழுதேன்.

இடுப்புவலி அதற்கப்புறமும் ஆறு மாதம் இருந்தது. ஆனால் மறுநாள் எழுந்து அடுப்பு மூட்டினாள். ஆகவே தம்பி, முதலில் மனைவியை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். காந்தம் வைக்கப் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள், பகலில் ஈப்போ வெயில் தாங்காது. நான் அவ்வளவு தூரம் மிதித்திருக்கவே வேண்டாம். அத்தனை நாளும் அதே அறையில்தான் படுத்திருந்தேன். ஒரு தடவைகூட அவள் முதுகில் கை வைத்ததில்லை.