பெரியப்பாவுக்குக் காட்டிய கூரை

1. ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தைப் பெரியப்பாவும் அப்பாவும் பங்கு பிரித்தபோது நிலத்தை மட்டும்தான் பிரித்தார்கள். பந்தல் பொதுவாகவே இருந்தது. ஒரே கம்பிதான் இரண்டு பங்குக்கும் மேலே ஓடியது.

2. பெரியப்பா தன் பங்கை மனை போடுகிறவருக்கு விற்க முடிவு செய்தார். அந்தப் பக்கம் கல்தூண்களைப் பிடுங்கினால் இந்தப் பக்கம் கம்பி தொய்ந்து கொடி மண்ணுக்கு வந்துவிடும். எல்லையில் புதுத் தூண் நட்டு இழுத்துக் கட்டலாம். நான் வரைந்தே பார்த்தேன். ஆனால் கிணறும் அவர் பங்கில்தான் இருந்தது; அது போனால் எங்கள் கொடிக்குத் தண்ணீர் இல்லை.

3. நான் ஜப்பானில் இயந்திர வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். அப்பாவை இங்கே வரவழைத்தேன்.

4. பழைய வீடுகளை அப்படியே காத்துவரும் ஒரு மலைக் கிராமத்துக்கு அவரைக் கூட்டிப் போனேன்.

அங்கே ஒரு வீட்டுக்குக் கூரை வேய ஊரே சேர்ந்து ஏறும். அந்தக் கூரையை வீடியோ அழைப்பில் காட்டிச் சொன்னால் பெரியப்பா மனம் மாறுவார் என்று நினைத்தேன்.

அப்பா செங்குத்தான புல் கூரையை அண்ணாந்து பார்த்தார். "ஏறமாட்டேன்னு ஒருத்தரு சொல்லிட்டா, ஆத்தா?" என்று என்னைக் கேட்டார்.

நுழைவுச் சீட்டு கொடுத்த பெண்ணிடம் கேட்டேன். பல குடும்பங்கள் நகரத்துக்குப் போய்விட்டன என்றார். இந்த வீடும் அப்படி ஆளில்லாமல் போனதுதானாம். மலையில் இன்னும் மேலே இருந்த வேறொரு ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப ஆளு போனப்புறம்தான் வீட்டக் காப்பாத்திருக்காக."

இருந்தாலும் பெரியப்பாவைக் கூப்பிடச் சொன்னார். நான் போனைத் திருப்பிக் கூரையைக் காட்டினேன்.

"ஏலே, நம்ம வைக்கப்போரு மாதிரில இருக்கு! உள்ள யாரு இருக்காக?"

"யாருமில்லண்ணே. டிக்கெட் எடுத்துப் பாக்க வாராக."

"அப்ப நீயும் தோட்டத்துக்கு டிக்கெட் போடு. மொத ஆளா நான் வாரேன்."

அப்பா சிரித்தார். பிறகு, "இந்தக் காய்ப்பு முடியட்டுமேண்ணே," என்றார்.

"கையெழுத்துப் போட்டாச்சுப்பா. எம் மக்க ரெண்டும் திருப்பூர்ல கெடக்குதுக. இனிமே கொடியக் கவாத்து வெட்ட யாரு வருவா? ஒம் மகளா?"

நான் போனைக் கூரை உச்சிக்கு உயர்த்திக் காட்டினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

இப்போது பெரியப்பா பங்கில் தூண்கள் இல்லை. எங்கள் பங்கில் கொடிகளை அடியோடு வெட்டியாகிவிட்டது. மனை போடுகிறவர் அப்பாவிடமும் பேசி வருகிறார். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை, சொல்லிவிடுவார்.