போர்டில் ஒரு குச்சி எழுத்து

எங்கள் குப்பத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் வச்சலாவிடம் "இன்னா வேல பாக்குற?" என்று கேட்டால் போதும், நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வேன். அவள் பதிலைக் கேட்டு அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெளிநாட்டுப் புத்தகங்களின் தலைப்பில் எந்த எழுத்து பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஆபீஸ் கேளம்பாக்கத்தில். "இதுக்கா சம்பளம் குடுக்குறான்?" என்று கேட்காத ஆள் கிடையாது.

நான் பக்கத்து வீட்டு வசுமதி. மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற தெருவில் சங்கு, சோழி விற்கிற கடை வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரர்களிடம் பேரம் பேசியே இங்கிலீஷ் கற்றவள். ஆனாலும் அந்த மொழியில் இப்படி ஒரு பெரியவன் சின்னவன் வம்பு இருப்பது வச்சலா சொல்லித்தான் தெரியும். தலைப்பின் முதல் வார்த்தை பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். நடுவில் வருகிற கனமான வார்த்தைகளும் அப்படித்தான். 'ஆஃப்', 'அண்ட்', 'தி' மாதிரிப் பொடிசுகளுக்குச் சின்ன எழுத்து. இதற்கு மேல் ஒவ்வொரு பதிப்பாளருக்கும் ஒரு தனிச் சட்டம். ஒருவர் பொடிசைக்கூடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் பெரிசாக்கு என்பார். இன்னொருவர் முதல் வார்த்தையைத் தவிர எதையும் தொடாதே என்பார். அத்தனையையும் தலையில் சுமந்துகொண்டு, வழியில் பார்க்கிற கல்யாண பேனரையெல்லாம் முணுமுணுவென்று திருத்திக்கொண்டே நடப்பாள்.

காதல்கூட அவளுக்கு இதில்தான் வந்தது. ஊரப்பாக்கத்துக் கிஷோர் அந்த ஆபீஸ் கேன்டீனில் சமையல்காரன். அன்றைய சாப்பாட்டைக் கரும்பலகையில் இங்கிலீஷில் எழுதுவான், பெரிய எழுத்தைக் கண்ட இடத்தில் தூவுவான். இவள் பொறுக்க முடியாமல் சாக்பீஸை எடுத்துத் திருத்தினாள். மறுநாள் அவன் வேண்டுமென்றே இன்னும் மோசமாக எழுதினான். அப்புறம் கல்யாணம்தான்.

வச்சலா ஒரே பெண், தாயில்லாதவள். அப்பா நீலமேகத்தைத் தனியே விட மனசில்லாமல் கிஷோரை எங்கள் குப்பத்துக்கே கூட்டி வந்துவிட்டாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? 'வூட்டோட மாப்ள' என்று அவன் காதுபடவே சொன்னார்கள். அவன் சிரித்துக்கொண்டு போவான். உள்ளே குத்தியது என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

கடலுக்குப் போவதை நிறுத்திய நீலமேகம், இந்த வருஷம் என் கடைக்குப் பக்கத்திலேயே மீன் சாப்பாட்டுக் கடை போடக் கிளம்பினார். கிஷோர் கேன்டீன் வேலையை விட்டுவிட்டு வந்தான். உப்புக்காற்றில் ஃபிளெக்ஸ் கிழிந்துவிடும் என்று பெயிண்டர் சடையப்பனைக் கூப்பிட்டார்கள். இங்கிலீஷில் எழுதப்போகிற பெயரைக் கேட்டு எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 'நீலமேகம் அண்ட் சன்-இன்-லா'! மகனோடு சேர்த்துப் பெயர் வைத்த கடை ஆயிரம் பார்த்திருக்கிறேன், மருமகனோடு சேர்த்த மனுஷன் இவர்தான். கிஷோர் கண் கலங்கப் போகிறான் என்று நினைத்தேன். எழுத்தெல்லாம் எப்படி வர வேண்டும் என்று வச்சலாவே எழுதிக் கொடுத்தாள்.

திறப்பு விழாக் காலை. வஞ்சிரம் மசாலாவில் ஊறுகிறது, கடம்பாக் கணவாய் நறுக்கித் தயாராக இருக்கிறது, மைக் செட் அலறுகிறது, சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சடையப்பன் போர்டை மூடியிருந்த துணியை இழுத்தார். எல்லோரும் கை தட்டினோம். கிஷோர் மட்டும் தட்டவில்லை. ஏப்ரனைக் கழற்றிக் கீழே போட்டான்.

"மாமா பேருல மொத எழுத்து 'என்'. ரெண்டு தூணு வச்சி கோபுரம் கணக்கா கீது. 'சன்'னு மட்டும் பெருசா கீது, அது மவனுக்கு. மருமவன் எனக்கு வர்ற 'லா'வுக்கு இன்னாத்துக்கு சின்ன 'எல்'லு? ஒத்தக் குச்சி. பெரிய 'எல்'லுன்னா கீழ காலாவது இருக்கும். எனக்கு கால் வைக்கக்கூட எடமில்லன்னு போர்டுலயே எழுதிட்டீங்க."

"மாப்ள, அது சட்டம்!" என்றார் நீலமேகம். "எம் பொண்ணு வெள்ளக்காரனுக்கே எழுத்து திருத்துறவ. அவ எழுதினது தப்பா?"

கிஷோர் வச்சலாவைப் பார்த்தான். "சொல்லு. பெரிய 'எல்' போட்டா தப்பா?"

என் தோழிக்குப் பொய் வராது. அதுதான் அவளுடைய கஷ்டம்.

"நடுவுல கோடு போட்டு சேத்த வார்த்தைய ஒண்ணா எண்ணுறவங்க 'லா'வுக்கு சின்னது போடுவாங்க. தனித்தனியா எண்ணுறவங்க பெருசு போடுவாங்க. ரெண்டும் சரிதான்."

"ரெண்டும் சரின்னா எனக்கு ஏன் சின்னது?"

அவள் இப்போது ஆபீஸில் பார்க்கிற புத்தகங்களுக்குச் சின்ன 'எல்', அந்தக் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டாள். அதை எப்படிச் சொல்வாள்? அவன் விடுவிடுவென்று பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டான். "சடையப்பா, ஒரு கால் வரைஞ்சு வுடு" என்றேன் நான். "எம் பொண்ணு எழுத்துல எவனும் கை வைக்கக் கூடாது" என்று நீலமேகம் கத்தினார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் அந்த எண்ணெய்ச் சட்டியிலேயே போட்டிருப்பேன். அவன் பஸ் ஏறினால் கடை போச்சு. அப்பா வீடா, புருஷன் வீடா என்று இவள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பயந்தது இதற்குத்தான்.

வச்சலா அழவில்லை. சடையப்பனின் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள், ரோலரை முக்கினாள், ஸ்டூலில் ஏறினாள். நீலமேகத்தின் கோபுரத்தில் தொடங்கி அந்தக் குச்சியையும் தாண்டி ஒரே இழுப்பு! மைக் செட்டே நின்றுபோனது.

"இன்னாடி பண்ற?" என்று அலறினார் அப்பா.

"எந்தச் சட்டத்துலயும் மாறாதது ஒண்ணுதான் நைனா. மொத வார்த்த பெருசு. அதனால ஒரே வார்த்த போதும். அண்ணாத்த, வச்சலான்னு எழுதுங்க."

சடையப்பன் தூரிகையைக் கையில் எடுத்தார். "இன்ஷியல் இன்னா போடணும்மா?"

"என்!" என்றார் நீலமேகம்.

"கே!" என்று அதே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். பஸ் ஸ்டாப்பிலிருந்து ரோலரைப் பார்த்த கிஷோர் மூச்சிரைக்க ஓடி வந்து நின்றான். "கல்யாணம் ஆனா புருஷன் இன்ஷியல்தான் போடணும்!"

"பெத்தவன் நானு!"

"ரெண்டும் வேணாம்" என்றாள் வச்சலா.

வெள்ளை காய்ந்ததும் சடையப்பன் எழுதத் தொடங்கினார். போர்டு உயரத்துக்கு ஒரு 'வி', சிவப்பில், பளபளவென்று வந்தது. கிஷோர் அண்ணாந்து பார்த்தான். முறுக்கு கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"உன் எழுத்துக்கும் ஒத்தக் கால்தான் கீது" என்றான்.

"இந்தப் பக்கம் நீ இழுத்துகினு, அந்தப் பக்கம் நைனா இழுத்துகினு. நான் வேற எப்டி நிப்பேன்?"

நீலமேகம் தலையைக் குனிந்துகொண்டார். கிஷோர் அவரைப் பார்த்தான், அப்புறம் வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தான். கீழே கிடந்த ஏப்ரனை எடுத்தது நீலமேகம். உதறி, மணலைத் தட்டி, மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"வாங்க மாப்ள. எண்ணெய் காயுது. நம்ம ரெண்டு பேருக்கும் ஓனரம்மா வச்சலாதான்."