எழுபத்து நான்கு கிலோ நானூறு

கரண்டிக்கு மேலே குவிந்து நிற்கும் புரத மாவைத் தையல் அளவுகோலால் ஒரே இழுப்பில் வழித்துவிடுகிறார். வழித்தது டப்பாவுக்குள்ளேயே விழுகிறது. கரண்டி மட்டமானதும் நாள்காட்டியின் ஓரத்தில் ஒரு கோடு. நேற்றோடு இருபத்தெட்டு, இன்று இருபத்தொன்பது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுகிறார். பொட்டுத் தூள் இல்லை.

அரை மணி நேரத்தில் அந்தக் காலி டப்பா உடற்பயிற்சிக் கூடத்து மேசைமேல் நிற்கிறது.

"மாஸ்டர், முப்பத்திமூணு கரண்டின்னு போட்டிருக்கு. இருபத்தொம்பதுதான் வந்துச்சு. மிச்சம் நாலை யாரு குடிச்சா?"

"வண்டியில குலுங்கி வருதுல்லக்கா, உள்ள அமுங்கிடும்."

"அமுங்கினா டப்பாவுலதானே இருக்கணும்? வண்டி ஓட்டினவன் வயித்துலயா போய் அமுங்குச்சு?"

கூடத்தில் அவருக்கு 'லேபிள் அக்கா' என்று பெயர். வயது ஐம்பத்தெட்டு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் சட்டைக் காலருக்குள் லேபிள் தைத்தவர், நாளுக்கு எண்ணூறு என்ற கணக்கில். அந்த வேலை அவருக்கு மிச்சம் வைத்தது இரண்டு: கழுத்து வலி, அச்சடித்த எதன்மீதும் அவநம்பிக்கை. "ஒரே துணிதான். காலையில 'தூய பருத்தி'ன்னு தைப்போம். மத்தியானம் சூப்பர்வைசர் வேற கட்டு லேபிள் கொண்டாந்து கொட்டுவார், அதைத் தைப்போம். தான் யாருன்னு துணிக்கே தெரியாது."

தையல் எண்ணும் சின்னப் பூதக்கண்ணாடி இன்னும் கைப்பையில் இருக்கிறது. டப்பாவை வாங்கியதும் அதைத் திருப்பி, முதலில் நட்சத்திரக் குறியைத் தேடுவார். முன்பக்கத்தில் யானை எழுத்தில் 'தசை வளர்ச்சி' என்றால், பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் நட்சத்திரம் போட்டு 'பலன் ஆளுக்கு ஆள் மாறும்' என்றிருக்கும். "நட்சத்திரம் எங்க இருக்கோ அங்கதான் உண்மை குடியிருக்கு" என்பார்.

மாஸ்டர் உள்ளே நுழைந்தால் முதலில் அவர் நெஞ்சு வரும். அரை நொடி கழித்துத்தான் அவர் வருவார். பயிற்சிக்கு முன்னால் குடிக்க ஒரு டப்பா, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று, இவை மூன்றும் செரிக்க ஒன்று என்று அவர் அலமாரியில் ஒரு குடும்பமே வாழ்கிறது. முன்னால் குடிக்கும் டப்பாவை லேபிள் அக்கா ஒரு முறை குடித்துப் பார்த்தார்.

"மாஸ்டர், முகமெல்லாம் எறும்பு ஊருது."

"அதான்க்கா, வேலை செய்யுது!"

"எறும்பு ஊர்றதுதான் வேலைன்னா சர்க்கரை டப்பாவுக்குள்ள தலையை விட்டுட்டுப் போறேனே."

அன்று மத்தியானம் உட்கார முடியாமல், வீட்டுத் திரைச்சீலை அத்தனையையும் பிரித்து மறுபடி தைத்தார். அதோடு அந்த டப்பாவுக்கு விடை கொடுத்தார்.

இவ்வளவு சந்தேகப்படுகிறவர் ஏன் ஒவ்வொரு டப்பாவாக வாங்குகிறார் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. பலம் வேண்டும், அவ்வளவுதான். சென்ற ஆண்டு ஒரு காலையில் கணவர் குளியலறையில் விழுந்தார். ஆளோ மருத்துவமனை அட்டையின்படி எழுபத்து நான்கு கிலோ நானூறு கிராம். அக்குளில் கைகொடுத்துப் பார்த்தார், இடுப்பைப் பிடித்துப் பார்த்தார், அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை நாற்பது நிமிடம், ஈரத்தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் எடைத்தராசுகளைச் சரிபார்க்கும் தொழில்நுட்பன். சோதனை அறைக்குள் கைபேசி கூடாது. வாசல் பெட்டிக்குள் அது ஒன்பது முறை அடித்து ஓய்ந்தது. இரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது.

முன்பே தூக்கியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். "அது அவர் தைச்ச லேபிள்" என்றார் அக்கா. நாற்பத்தைந்தாம் நாள் கூடத்தில் போய்ப் பெயர் கொடுத்தார்.

நாத்தனார் தொலைபேசியில் அங்கலாய்த்தார். "வருஷம்கூடத் திரும்பல, இந்த வயசுல கம்பி, கிம்பின்னுட்டு..."

"கம்பி எண்ணப் போகல அண்ணி. தூக்கத்தான் போறேன்."

டப்பாக்களை நம்பாதவர் இரும்பை மட்டும் முழுசாக நம்பினார். "இரும்புக்கு நட்சத்திரக் குறி கிடையாது. இருபதுன்னா இருபது." ஐந்து ஐந்தாக ஏறி, பத்தாவது மாதம் எழுபத்தைந்தைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கினார். மாஸ்டர் படம் பிடித்தார். பயல்கள் விசிலடித்து, "போடுங்கக்கா! போட்டாத்தான் கெத்து!" என்று கத்தினார்கள். அங்கே அதுதான் வழக்கம். தூக்கியதைத் தடாலென்று போட்டால்தான் தூக்கியதாகக் கணக்கு. கத்தலில் கம்பி அவர் கையை விட்டுப்போயிற்று. தரை அதிர்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாள் சுவரில் அவர் படம். கையில் அவர் வாங்கியே இராத ஒரு டப்பாவை ஒட்டியிருந்தார்கள். கீழே: '58 வயதில் 75 கிலோ! ரகசியம் இதுதான்!' அக்கா அதைப் பற்றிச் சண்டை போடவில்லை. அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. மகன் தொலைபேசியில் துருவிக் கேட்டதற்கு, "தூக்கினது சரிடா. போட்டதுதான்..." என்று சொல்லி வைத்துவிட்டார்.

காலி டப்பா வழக்குக்கு ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு. மகன் வேலையிடத்திலிருந்து மேடைத் தராசைக் கொண்டுவந்தான். மாஸ்டர் கண்முன்னால் புது டப்பாவின் சீலை உடைத்து, உள்ளே இருந்ததை மட்டும் எடை போட்டார்கள். ஒரு கிலோவுக்கு நூற்றிருபது கிராம் குறைவு.

"காத்துல ஈரம் கம்மிக்கா இன்னிக்கு" என்றார் மாஸ்டர்.

தராசு ஓய்ந்திருந்தது. தொழில் புத்தி, பக்கத்தில் கிடந்த இருபது கிலோ வட்டு ஒன்றை மகன் தூக்கி அதன்மேல் வைத்தான். பதினெட்டு புள்ளி நான்கு. தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி வைத்தான். அதே எண். அடுத்த வட்டு பதினெட்டு புள்ளி ஏழு. இருபது கிலோக் கம்பி பத்தொன்பது புள்ளி ஒன்று. அதற்குமேல் வைக்காமல் நிமிர்ந்தான்.

"முகம் ஏன்டா இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்லம்மா."

"தராசு வெச்சவன் ஒண்ணுமில்லன்னு சொல்லக் கூடாது. மிச்சத்தையும் வை."

அன்று அவர் தூக்கிய அத்தனை வட்டும் ஏறி இறங்கின. கம்பியோடு கூட்டினால் அறுபத்தொன்பது புள்ளி எட்டு.

மாஸ்டர் குறுக்கே வந்தார். "அக்கா, அஞ்சு கிலோ முன்னப்பின்ன இருக்கிறதுதான். மனசுதான் முக்கியம்."

"மனசை எந்தக் கம்பியில மாட்டுறது மாஸ்டர்?"

மகன் அம்மாவையே பார்த்தான். பத்து மாத உழைப்பு. அழுவார் என்று நினைத்தான். அவரோ அந்த எண்ணை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தோள் இறங்கியது. ஒரு வாரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

"நல்லவேளைடா. அப்ப அன்னிக்கு நான் தடால்னு போட்டது உங்கப்பாவ இல்ல."

அடுத்த வாரம் கூடத்திலிருந்த ஒவ்வொரு வட்டின் துளையிலும் ஒரு வெள்ளைத் துணிப்பட்டை தொங்கியது. மகன் எடை போட்டுச் சொல்லச் சொல்ல, அம்மா சிவப்பு நூலில் தைத்த எண்கள்: 18.4, 18.7, 4.5, 2.2. இருபத்தாறு வருடத்தில் இப்படி லேபிள் தைத்ததில்லை என்றார். கூடம் துக்க வீடானது. பயல்கள் வட்டின்மேல் கோபப்படவில்லை, பட்டையின்மேல் கோபப்பட்டார்கள்.

"நேத்துவரைக்கும் நூறு தூக்கினேன்க்கா! ஒரே ராத்திரியில தொண்ணூத்திமூணு ஆக்கிட்டீங்களே!"

"நான் எங்கடா ஆக்கினேன்? உன்னோட ஏழு கிலோவ அந்த டப்பால போய்த் தேடு."

சிலர் பட்டைகளைப் பிய்த்தார்கள். அவர் மறுநாள் தைத்து வந்து கட்டினார். பிய்ப்பவர்களைவிடத் தைப்பவர் வேகமாக இருந்ததால் நான்கே நாளில் கூடம் ஓய்ந்தது. சுவர்ப் படத்தில் மட்டும் 75 இன்னும் 75தான்.

ஏழு வாரம் கழித்து ஒரு காலை. இப்போது அவருக்கு டப்பா இல்லை. இரண்டு முட்டை, ஒரு கை வேர்க்கடலை, ஒரு தம்ளர் பால். "முட்டைக்கு லேபிள் கிடையாது. அதான் நம்புறேன்." விடுப்புப் போட்டு வந்திருந்த மகன் கம்பியில் வட்டுகளை மாட்டினான். பழைய அறுபத்தொன்பது புள்ளி எட்டு, அதோடு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன வட்டு. எழுபத்து நான்கு புள்ளி இரண்டு. இன்னும் இருநூறு கிராம் வேண்டும். தன் பெட்டியிலிருந்து இரண்டு நூறு கிராம் எடைக்கற்களை எடுத்து, அம்மா தைத்துவந்த துணிப்பைகளில் போட்டு, இரண்டு நுனியிலும் கட்டினான்.

அவர் குனிந்தார். பிடித்தார். கம்பி கொஞ்சம் வளைந்து, தரையை விட்டது. முழங்காலைத் தாண்டியது. இடுப்புக்கு வந்தது. நிமிர்ந்து நின்றார்.

"சூப்பர்க்கா! போடுங்க! போடுங்க!"

அவர் போடவில்லை. முழங்காலை மடக்கி, மாஸ்டர் "இடுப்பு போயிரும்க்கா, விட்டுருங்க" என்று பதற, விரல் விரலாக இறக்கினார். ரப்பர் விரிப்பில் வட்டு பட்ட சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கம்பி மெல்ல உருளப் பார்த்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். அது அசையாமல் அடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.